வலக்கையால் கொடுத்த பொட்டலம்

சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரத்தின் பழைய பகுதி படமெடுப்பவர்களுக்கு மிகவும் பிடித்தமானது. கல்வளைவுகளின் கீழ் நீளும் நடைபாதைகள், வண்ணச் சிலைகள் நிற்கும் நீரூற்றுகள், மணிக்கூட்டுக் கோபுரம் எல்லாம் அங்கே தயாராகவே இருக்கின்றன. கமராவை நிறுத்தினால் போதும். எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் அங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அந்த நகரம் தன்னைத் திரையில் எப்படிக் காட்டுகிறது என்பதில் எனக்கு அக்கறை இருக்கவில்லை. எங்களை எப்படிக் காட்டுகிறது என்பதே கவலையாக இருந்தது.

அக்காலத்துப் பத்திரிகைகளில் தமிழன் என்றால் பெரும்பாலும் ஒரே உருவந்தான்: தோல் ஜக்கெட் அணிந்து புகையிரத நிலையத்தில் போதைத் தூள் விற்பவன். விற்றவர்கள் சிலர் இருந்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிலரின் முகத்தை எங்கள் எல்லோருக்கும் ஒட்டிவிட்டார்கள். ட்ராமில் நான் உட்கார்ந்தால் பக்கத்திலிருக்கும் பெண்மணி கைப்பையை மடிக்கு இழுத்துக்கொள்வார்.

என்னோடு அதே சமையலறையில் வேலை செய்த, என்னிலும் மூத்த ஒருவரை நான் அண்ணை என்றே அழைப்பேன். அவருடைய அகதி விண்ணப்பம் அப்போது முடிவாகாமல் இருந்தது. ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, நான் ரீவியில வரப்போறன். எங்கட கடை வாசலிலதான் படம் பிடிக்கினம். தெருவில போற ஆளா என்னைக் கேட்டவை."

"என்ன படமெண்டு கேட்டனீங்களோ?"

"பொலிஸ் படமாம். நீ பட்டதாரி, எல்லாத்துக்கும் ஒரு கேள்வி வைச்சிருப்பாய். தெருவில நடக்கிறதுக்கும் சோதினை எழுத வேணுமோ?"

எனக்கு ஓரளவு ஜெர்மன் மொழி வரும் என்பதால் மொழிபெயர்க்க நானும் போனேன். அண்ணை தன்னிடமிருந்த நல்ல கம்பளிக் கோட்டை அணிந்து, தலையைப் படிய வாரி வந்திருந்தார். உடைக்குப் பொறுப்பான பெண் அந்தக் கோட்டைக் கழற்றச் சொல்லி ஒரு தோல் ஜக்கெட்டை நீட்டினாள். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. அண்ணைக்கு விளங்கவில்லை. வளைவின் கீழ் நின்று, வரும் இளைஞனிடம் ஒரு சிறு பொட்டலத்தைக் கொடுக்க வேண்டும் என்றார் இயக்குநர்.

அண்ணை கொடுத்தார். வலக்கையால், இடக்கை விரல்களால் வலது முழங்கையைத் தொட்டபடி, பெறுபவனின் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார். எங்கள் வீடுகளில் ஒருவருக்கு எதையும் அப்படித்தான் கொடுப்போம்.

இயக்குநர் நிறுத்தினார். இது பிறந்தநாள் பரிசு அல்ல, இடக்கையைப் பையிலிருந்து எடுத்து, ஆளைப் பாராமல் பொட்டலத்தை நழுவவிட வேண்டும் என்றார். நான் அதை அண்ணைக்குச் சொல்லுமுன்னே மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் வலக்கைதான் நீண்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இடக்கையால குடுக்கட்டாம் அண்ணை. முகத்தைப் பாக்கக் கூடாதாம்."

"ஒரு மனிசனுக்கு இடக்கையாலயோ? அப்பிடி என்ன சாமான் இதுக்குள்ள?"

"உள்ளுக்க வெறும் கோதுமை மா. படத்தில அது தூள். நீங்கள் விக்கிற ஆள்."

அவர் பொட்டலத்தைப் பார்த்தபடி நின்றார். இரு பக்கத்தையும் நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். படப்பிடிப்புக்கு வாசலைக் கொடுத்தவர் எங்கள் முதலாளி. உணவகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுத்தால் அவர் கோபிக்கலாம், வேலையும் போகலாம். சம்மதித்தால் இந்த நாட்டின் வீடுகளிலெல்லாம் இந்த முகம் தெரியும். விண்ணப்பத்தைத் தீர்மானிக்கப்போகும் அதிகாரியின் வீட்டிலும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும்.

"சனம் ஏற்கெனவே என்னைத் தூள்காரன் எண்டுதான் பாக்குது," என்றார் அண்ணை. "இனி நானே நடிச்சும் காட்டவோ? கேட்டுச் சொல்லு தம்பி, வேலைக்குப் போற ஆளா நடக்கட்டோ எண்டு."

நான் கேட்டேன். கதையில் அப்படி ஒருவர் இல்லை என்றார் இயக்குநர். இந்தத் தெருவில் தினமும் இருக்கிறார், கதையில்தான் இல்லை என்று நான் சொன்னேன். அந்த வாக்கியத்தின் இலக்கணம் சரியாக இருந்ததா தெரியாது. பொருள் அவருக்கு எட்டியதை முகத்தில் கண்டேன்.

அண்ணை ஜக்கெட்டைக் கழற்றி மடித்தார். பொட்டலத்தை அதன்மேல் வைத்து, வலக்கையாலேயே இயக்குநரிடம் நீட்டினார். பிறகு தன் கோட்டை அணிந்துகொண்டார். உதவியாளர் ஒருவர் ஓடி வந்து, அடுத்த காட்சி தொடங்கப்போகிறது, பின் ஒழுங்கையால் சுற்றிப் போங்கள் என்று கையைக் காட்டினார். வளைவுகள் மட்டுந்தான் இப்போது தெரிய வேண்டுமாம்.

"என்னவாம்?"

"பின்பக்கத்தால போகட்டாம்."

"நாங்கள் வேலைக்குப் போற பாதை இது. இதாலதான் போறன். நீ வாறியோ?"

"ஓம், வாறன்."

வளைவுகளின் நடுவே, கமராவுக்கு நேர் எதிரே நடந்தோம். ஓடவுமில்லை, தலையைக் குனியவுமில்லை. பின்னால் யாரோ சத்தமிட்டார். கமரா ஓடிக்கொண்டிருந்ததா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. ஓடியிருந்தால் வேலைக்குப் போகும் இரண்டு தமிழர்கள் அதில் பதிந்திருப்பார்கள்.

உணவகத்தின் முன்வாசலில் முதலாளி கைகளைக் கட்டியபடி நின்றார். ஊழியர்கள் அந்த வாசலால் வருவது வழக்கமில்லை. அண்ணை அவர் முகத்தைப் பார்த்து, தனக்குத் தெரிந்த சில ஜெர்மன் சொற்களில் ஒன்றான காலை வணக்கத்தைச் சொன்னார். முதலாளி அவரையும், வெளியே கைகளை வீசிக்கொண்டிருந்த இயக்குநரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, உருளைக்கிழங்கு இன்னும் உரிக்கவில்லை என்று சொல்லி வழி விட்டார்.