வரி கேட்டு யாரும் வராத வீடு

"ஓடிப்போனவளுக்கு நீ இன்னா வக்கீலா ஆயா?" என்று குழாயடியில் வைத்து ராதிகா என்னைக் கேட்கிறாள். கூட நின்றவர்களுக்குச் சிரிப்பு. "ஊரு டிவிய வீம்புக்கு நிறுத்திப்போட்டு, பெங்களூர்ல எவனோ கீறான்னு போய்ட்டா. எதிர் வூட்ல இருந்துக்கினு உனுக்கு ஒண்ணும் தெரியல."

"எதிர் வூட்ல இருக்கிறதாலதாண்டி சொல்றேன்," என்றேன். "எவன் வந்தான், எவன் போனான், நீ பாத்தியா?"

"உனுக்குத்தான் கண்ணுல புரை ஆச்சே."

கண்ணில்தான் புரை. காதில் இல்லை. மணிமொழி எப்படி இருந்தாள், ஏன் போனாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் ஆகாது.

மணிமொழி களமருதூரிலிருந்து வாழ வந்தவள். புருஷன் சின்னதுரை பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். முதலில் பொங்கலுக்கு வந்தான். அப்புறம் அதுவும் இல்லை. அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று ஆள் வந்து சொன்னார்கள். பிள்ளை இல்லை. களை எடுக்கப் போவாள், ஒரு பசுமாடு வைத்திருந்தாள். அழுததை நான் கேட்டதில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். ஆண் இல்லாத வீட்டுக்கு வரி கிடையாது. பாவம் பார்த்துத்தான் அப்படி வைத்தார்கள். ஆனால் வரி கொடுத்த வீட்டுக்குத்தான் கிடா வெட்டினால் கறியில் ஒரு கூறு வரும், வெற்றிலை பாக்கு வரும், ஊர்க் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். சின்னதுரை போன பிறகு மணிமொழி வீட்டைத் தாண்டித்தான் எல்லாரும் போனார்கள். என் மகன் வரி கட்டுவதால் எங்களுக்குக் கூறு வரும். அதில் பாதியை நான் கொண்டுபோய்க் கொடுத்தால், "உன் பங்க நான் துண்ணா அது என் பங்கு ஆயிடுமா ஆயா?" என்பாள். அவ்வளவு ரோஷம்.

அப்புறம் டிவி வந்தது. மலையடிவாரத்தில் இருக்கிற எங்களுக்கு ஓடை தாண்டி ஒயர் இழுக்க முடியாது என்று கேபிள்காரன் கையை விரித்துவிட்டான். வரி வசூல் பண்ணுகிற ராஜாங்கம்தான் வழி கண்டுபிடித்தார். ஊருக்கு ஒரே டிஷ், சேனல் மாற்ற ஒரே பெட்டி. அதிலிருந்து எல்லா வீட்டுக்கும் ஒயர். பெட்டியில் எந்த சேனல் ஓடுகிறதோ அதுதான் ஊர் முழுக்க ஓடும். அதற்கு வீட்டுக்கு வீடு மாதாமாதம் வரி. டிவி இல்லாதவன் முறைத்தபோது ராஜாங்கம் சொன்னார்: "பக்கத்து வூட்டு ஜன்னல்ல தொங்கிக்கினு பாக்கறது யாரு? எட்றா காச." நானும் கொடுத்தேன். எனக்குக் கண் தெரியாது, டிவி பார்க்கிறதே இல்லை. ஆனாலும் கொடுத்தேன். குருடி கொடுத்த காசையும் சேர்த்துத்தானே தெருவிளக்கை ஏற்றுகிறார்கள்?

இந்த வரிக்கு ஆண் இருக்கிற வீடு, இல்லாத வீடு என்று பேச்சே இல்லை. ராஜாங்கம் மணிமொழி வாசலில் நின்று, "ஏம்மா, டிவி வரி!" என்று கூப்பிட்டார். வரி கேட்டால் ஊரில் எல்லாரும் முனகுவார்கள். இவள் மட்டும் உள்ளேயிருந்து ஓடி வந்து, "உக்காருங்க மாமா, மோர் குடிச்சிட்டுப் போங்க," என்றாள்.

அவள் வீடு தெருவுக்கு நடுவில் இருந்ததால் பெட்டியையும் அங்கேயே வைத்தார்கள். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் தெருவே அவளைக் கூப்பிடும். "மணியக்கா, சீரியல் வை!" "யக்கா, கிரிக்கெட்டுக்கா, கடைசி ஓவருக்கா!" "அடியே, கிரிக்கெட் வச்சே, நாளைக்கு உன் மாட்டுக்கு வைக்கோல் கெடையாது!" அவள் சீரியலில் விளம்பரம் வந்தால் கிரிக்கெட்டுக்கு மாற்றுவாள், ஓவர் முடிந்தால் சீரியலுக்கு மாற்றுவாள். இரண்டு பக்கமும் திட்டுவார்கள். "பந்து போடறதுக்குள்ள மாமியார் கன்னத்துல அறைய வாணாமா, கொஞ்சம் பொறுங்க," என்று இவள் இங்கிருந்து கத்துவாள். ஊர் சிரிக்கும். அந்தச் சத்தத்தில்தான் அவள் வாழ்ந்தாள். அது எனக்குத் தெரியும்.

ஊரில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கிற வரைக்கும் டிவி போடக் கூடாது. அவள் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், ஊர் அடங்கிவிடும். எடுத்துவிட்டு வந்து, தலை முழுகி, வீடு கழுவிய பிறகு யாராவது, "மணியக்கா, எல்லாம் ஆச்சு, போடு," என்பார்கள். அப்புறம்தான் போடுவாள்.

பிறகு செல்போன் டவர் வந்தது. ஆளுக்கு ஒரு போன், ஆளுக்கு ஒரு சந்தா. ஊர்க் கூட்டத்தில் இளவட்டங்கள் எழுந்து, "நாங்க எங்களுக்குப் புடிச்சத காசு கட்டிப் பாக்கறோம். பாக்காத பொட்டிக்கு நாங்க ஏன் வரி குடுக்கணும்?" என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ராஜாங்கம் யோசித்துப் பார்த்து, "சரி, வேணும்ங்கிறவங்க குடுங்க," என்று விட்டுவிட்டார். வேணும் என்றவர்கள் கொஞ்சம் பேர். அதுவும் கம்மியாகி, அவரும் வசூலுக்கு வருவதை விட்டார். மணிமொழியே ஆள் பிடித்து ரீசார்ஜ் பண்ணிக்கொண்டு, யாராவது பார்ப்பார்கள் என்று பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எங்கள் தெருப் பெரியவர் பொன்னுரங்கம் செத்தார். மணிமொழி பெட்டியை அணைத்தாள். சாவு வீட்டுக்கு அடுத்த வீட்டில் போனில் ஓடிய வீடியோவில் எவனோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தான். பிணம் எடுத்தார்கள், வீடு கழுவினார்கள். அவள் வாசலில் வந்து உட்கார்ந்தாள். "போடு," என்று யாரும் சொல்லவில்லை. மறுநாளும் உட்கார்ந்தாள். அந்த வாரமும் போயிற்று.

"போடேண்டி," என்று நான் சொன்னேன்.

"நீ பாக்கறதே இல்ல, உனுக்கு எதுக்கு ஆயா? பாக்கறவங்க யாருனா கேக்கட்டும்."

காரியம் முடிந்தது. அப்புறம் ஆடியும் பிறந்தது. பெட்டி அணைந்து கிடப்பதே ஊருக்குத் தெரியவில்லை. இதைத்தான் வீம்பு என்கிறார்கள். ஒரு குரல், ஒரே ஒரு குரல் வந்திருந்தால் அவள் எழுந்துபோய்ப் பொத்தானை அமுக்கியிருப்பாள்.

திருவிழாவுக்கு வரி எழுத ராஜாங்கம் தெருவில் வந்தார். அவள் எதிரே போய் நின்றதை நான் கேட்டேன்.

"மாமா, என் வூட்டையும் வரியில சேத்துக்குங்க."

"உனுக்கு எதுக்கும்மா? ஆம்பள இல்லாத வூடு, ஊரு வுட்டுக்குடுக்குது. அந்தக் காசுல மாட்டுக்குத் தவுடு வாங்கு."

"டிவி வரி மட்டும் வாங்கினீங்களே மாமா."

"அது டிவிக்கு வாங்கினது. இது சாமிக்கு வாங்கறது. ரெண்டும் ஒண்ணாம்மா?"

அவர் கெட்டவர் இல்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் என் வீட்டுப் பக்கம் திரும்பினார். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். அடுத்த வாரம் மாட்டை விற்றாள். பெட்டியைக் கொண்டுபோய் ராஜாங்கம் வீட்டில் கொடுத்தாள். நெல் மூட்டை மேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்களாம்.

போன அன்று பகலில்தான் போனாள். பூட்டுகிற சத்தம் கேட்டு நான் எழுந்து வெளியே வந்தேன்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"வெள்ளிமலைல புள்ளைங்க ஹாஸ்டல்ல சமைக்க ஆள் கேட்டாங்க ஆயா. தங்கிக்க ரூமும் தராங்களாம். நெறைய புள்ளைங்களாம், ஒரே கூச்சலா இருக்குமாம்."

"ராஜாங்கத்துகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடி. நாளைக்கு ஊரு ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசும்."

"ஊரு கணக்குல இருக்கிறவங்க சொல்லிட்டுப் போவாங்க ஆயா," என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் யாருடி?" என்றேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் காய்ந்துதான் இருந்தது. "சாப்ட்டியா?" என்றேன். "கூழ் குடிச்சேன்," என்றாள்.

பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மலை பஸ் நிற்கிற பக்கம் நடந்து போனாள்.