அடுக்குக் கேக் வண்டியில் எங்கள் அக்கா

அக்கா பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் ஜெபத்துக்கு வந்து, இந்நினைவு மலரைப் பெற்றுக்கொண்ட அனைவருக்கும் வணக்கம். உங்களில் பலர் அக்கா செய்த திருமணக் கேக்கை உண்டிருப்பீர்கள். அது மண்டபத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது சிலருக்கே தெரியும்.

அக்கா கிழக்குத் தாம்பரத்தில், ரயில்வே ஊழியரின் மூத்த மகளாகப் பிறந்தார். அம்மா சீக்கிரமே காலமானதால், எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். வணிகவியல் படித்து, ஒரு பள்ளி அலுவலகத்தில் பணியாற்றினார். திருமணமாகி மாடம்பாக்கம் சென்றபின் வீட்டிலேயே கேக் செய்யத் தொடங்கினார்.

முதல் மூன்றடுக்குக் கேக்கை வண்டியின் பின் இருக்கையில் வைத்துக் கொண்டுபோனார்கள். இருக்கை சாய்வானது. மண்டபம் சேர்வதற்குள் மேலடுக்கு கீழடுக்குக்குள் புதைந்துவிட்டது. மணப்பெண்ணின் தாயார் முன் அக்கா நின்ற நிலையை அத்தான் இன்றும் சொல்வார்.

அதன்பின் அக்கா சில விதிகளை வைத்துக்கொண்டார். ஒவ்வோர் அடுக்குக்கும் அடியில் தனிப் பலகை. கீழடுக்கினுள் ஒரே உயரத்தில் வெட்டிய குச்சிகள். மேலடுக்கின் பாரத்தைக் குச்சிகள்தான் தாங்க வேண்டும், கேக் அல்ல. வண்டியில் இருக்கைகளை மடக்கி, சமதளத்தில், வழுக்காத விரிப்பின்மேல் வைக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் அமர்ந்து, வேகத்தடை வருமுன் குரல் கொடுக்க வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் அக்காதான். "ப்ரேக்கர் வருதுங்க" என்பார். அத்தான் வண்டியை ஊர்ந்து போகவிடுவார். பின்னால் ஹாரன் அடிப்பவர்களிடம், "கல்யாண கேக்கு சார், கொஞ்சம் பொறுங்க" என்று ஜன்னல் வழியே சொல்வார். பிறகு ஒரு கேக்கும் சாயவில்லை.

அக்காவுக்கு வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியபோது, ஒரு குலுக்கலில்கூட எலும்பு நொறுங்கலாம் என்று மருத்துவர் எச்சரித்தார். ஆம்புலன்ஸின் வேகத்தை அக்காவால் தாங்க முடியவில்லை. ஆகவே கேக் போன வண்டியிலேயே, அதே விரிப்பின்மேல் மெத்தை போட்டு அவரைப் படுக்கவைத்துச் சிகிச்சைக்குக் கொண்டுபோனோம். நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். மெத்தையின்கீழ் எந்த நுரைப்பஞ்சு, எந்தச் சாலையில் பள்ளம் குறைவு, எந்நேரத்தில் கிளம்புவது என எல்லாவற்றையும் யோசித்து வைத்தேன். அக்காவின் இடத்தில் அமர்ந்து வேகத்தடைகளுக்குக் குரல் கொடுத்தேன். யாராவது ஹாரன் அடித்தால் அக்கா, "கேக்குன்னு சொல்லுடி. பொறுத்துப்பாங்க" என்பார்.

குலுங்காமல் கொண்டுசேர்த்துவிட்டால் போதும் என்று நாங்கள் நம்பினோம். கேக்குக்கு அது போதும். ஒருநாள் சிகிச்சை முடிந்து திரும்பும்போது அக்கா சொன்னார்:

"கேக்கு ஒரு தடவ போய்ச் சேந்தா வேல முடிஞ்சுதுடி. என்னைய ஏன் திரும்பத் திரும்ப ஏத்திட்டுப் போறீங்க?"

அத்தான் கண்ணாடியில் பார்த்தார்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அன்றும் அத்தான் அதே வேகத்தில்தான் ஓட்டினார். எங்கள் வண்டியில் அக்காவின் எலும்பு ஒருமுறையும் முறியவில்லை. அதனால் எதுவும் மாறவில்லை. அந்த வாரமே அக்கா காலமானார்.

நோயின்போது உணவு கொடுத்தனுப்பிய அண்டைவீட்டாருக்கும், இரவுகளில் துணையிருந்த சபைச் சகோதரிகளுக்கும், ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த கேக்குகளைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காத குடும்பங்களுக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். கல்லறைக்குப் போன வண்டியில் அத்தானும் நானும் பெட்டியருகே அமர்ந்திருந்தோம். அத்தான் ஓட்டுநருக்குப் பின்னிருந்த தடுப்புக் கண்ணாடியைத் தட்டி, "அண்ணா, முன்னாடி ப்ரேக்கர் வருது. கொஞ்சம் மெதுவா" என்றார்.

"இனிமே அவங்களுக்கு இன்னா சார் வலிக்கப் போவுது" என்றார் ஓட்டுநர்.

அத்தான் கண்ணாடியிலிருந்து கையை எடுக்கவில்லை. ஓட்டுநர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வண்டியை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கினார். அதன்பிறகு வந்த எல்லா வேகத்தடைகளிலும், யாரும் குரல் கொடுக்காமலே, அப்படித்தான் ஓட்டினார். அவர் பெயரை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கும் எங்கள் நன்றி.