கையைக் காட்டச் சொன்ன சார்

ஆம்பூரில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்த புதுசு. பி.காம். முடித்துவிட்டு வெட்டியாக இருந்த நான் போய்ச் சேர்ந்தேன். மாதனூர் கௌசல்யாவும் சேர்ந்தாள். அவளுக்குப் பகலில் ஷூ கம்பெனியில் தோலுக்குப் பசை தடவும் வேலை. பரீட்சையில் பாஸானால் அதே கம்பெனியின் ஆபீஸில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பரீட்சை ரொம்பச் சுலபம். பாடம் எடுக்கும் சார் தன் ஃபிளாப்பி டிஸ்க்கை அவரே மெஷினில் சொருகுவார். அதிலுள்ள பாடக் கோப்புகளை நம் ஃபிளாப்பிக்குக் காப்பி செய்து திறந்து காட்ட வேண்டும். முதலில் கௌசல்யா உட்கார்ந்தாள். மெஷின் கரகரவென்று இழுத்தது. கோப்பைப் படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது.

"இன்னாமா பண்ண? கையக் காட்டு!" என்றார் சார்.

அவள் நீட்டினாள். குனிந்து மோந்து பார்த்தார்.

"பசை நாத்தம்! இந்தக் கையால தொட்டா உன் டிஸ்க் எப்படி வேலை செய்யும்? நீ ஃபெயிலு, எழுந்திரு."

"சோப்பு போட்டு கழுவிட்டுத்தான் சார் வந்தேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், புது ஃபிளாப்பி போட்டு நீங்களே காப்பி பண்ணுங்க, பாக்கலாம்."

"உனக்கு இன்னாடா பேஜாரு?" என்றபடி உட்கார்ந்தார். அதே கரகர, திரையில் அதே வரி. கெட்டுப்போயிருந்தது அவருடைய ஃபிளாப்பிதான்.

"சரி, நாளைக்கு வேற கொண்டாறேன்," என்று எழுந்து போய்விட்டார். அவளிடம் ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் கௌசல்யா பாஸ். "அதான் முடிஞ்சிட்சே, வுடுடா," என்கிறார்கள் தோஸ்துகள். ஃபிளாப்பி யாருக்கும் கெட்டுப்போகும், அதை விட்டுவிடலாம். ஆனால் பாஸான அன்றுகூட, தட்டச்சு செய்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவள் கைகளைத் தாவணிக்குள்ளேயே வைத்திருந்தாள். அதை என்னால் விட முடியவில்லை.