லண்டன் எரிந்த வாரம்

தங்கை லண்டனிலிருந்து அனுப்பிய கலண்டரைப் பிரித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழுவழுப்பான கடதாசி. வாரத்துக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு படம், படத்தின் கீழே பிரித்தானிய வரலாற்றில் அந்த வாரம் நடந்த ஒரு சம்பவம். இத்தாலியில், பலேர்மோவின் கால்சாப் பகுதியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்கியதோ போர்கோ வெக்கியோ சந்தை மீன்கடைக்காரர் சும்மா கொடுத்த, துறைமுகக் கப்பல் படம் போட்ட கலண்டர். அதில் ஒன்றைத்தான் நான் ஆசையாக அம்மாவுக்கும் அனுப்பியிருந்தேன்.

நானும் தங்கையும் ஒரே ஏஜென்சிக்காரனை நம்பிப் புறப்பட்டவர்கள். அவள் லண்டன் போய்ச் சேர்ந்தாள். என்னைப் பலேர்மோவோடு விட்டுவிட்டார்கள். அதன் பிறகு அம்மாவின் வாயில் அவள் 'லண்டன் மகள்', நான் வெறும் மூத்தவள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அந்த வருடம் கொழும்பில், வெள்ளவத்தையில் அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் செய்ய வேண்டியிருந்தது. தங்கையின் அகதி வழக்கு முடியவில்லை, அவளால் வெளிக்கிட முடியாது. எனக்கு பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி புதுப்பித்துக் கிடைத்தால் போதும். கட்டு அவிழ்த்ததும் அம்மா வடிவாகப் பார்க்கும் முதல் முகம் என்னுடையதாக இருக்கும். அதை நினைக்கவே எனக்கு இனித்தது.

ஜனவரி மாதக் கடைசியில் கணவர், "இஞ்சேரும், பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க நாளைக்குக் குவெஸ்தூராவுக்குப் போவம்" என்றார்.

நான் தங்கையின் கலண்டரைப் பார்த்தேன். அரசனின் தலையை வெட்டிய வாரம். "இந்த வாரம் ஒரு அலுவலும் தொடங்கேலாது" என்றேன்.

"அது வெள்ளைக்காரன்ரை சரித்திரம். ராகுகாலமே பாக்கிறீர்?"

கலண்டர் என்றாலே நல்ல நேரம், கெட்ட நேரம் பார்க்கத்தான் என்று வளர்ந்தவள் நான். ஜூன் நடுவரை இழுத்தடித்தேன். அரசனை நெருக்கி, சனங்களின் உரிமைப் பத்திரத்தில் முத்திரை வைக்கச் செய்த வாரம் அது. போனோம். வழக்கமாக எரிந்து விழும் அதிகாரி பேசாமல் முத்திரை குத்தித் தந்தார். அவளுடைய கலண்டர் பலித்தது எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஓகஸ்ட் முழுவதும் என் முதலாளியம்மா சிஞ்ஞோராவின் கடற்கரை வீட்டில் வேலை. செப்டெம்பர் முதல் வாரம்தான் லீவு தந்தா. கலண்டரில் லண்டன் நகரமே தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. எரிந்தால் எரியட்டும் என்று விமானம் ஏறினேன்.

கதவைத் திறந்ததும் அம்மா கேட்டது இதுதான்: "பிள்ளை, லண்டன் எரிஞ்ச வாரமாமே? பக்கத்து வீட்டுப் பெட்டை வாசிச்சவள். எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. தங்கச்சியோடை கதைச்சனியே?"

"அது முந்நூறு வருசத்துக்கு முந்தி அம்மா. நான் வந்து நிக்கிறன்."

"ஓம், வா, வா. சாப்பிட்டனியே?"

சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தங்கை அம்மாவுக்கும் அனுப்பிய அதே லண்டன் கலண்டர் தொங்கியது. அதன் மூலையில் சந்தனப் பொட்டு வேறு. நான் அனுப்பியதைத் தேடினேன். அலுமாரித் தட்டில் விரித்து அதன் மேல் கோப்பைகளைக் கவிழ்த்து வைத்திருந்தா. கப்பலின் புகைபோக்கி மட்டும் வெளியே தெரிந்தது.

அடுத்த வாரம் ஒப்பரேசன் நடந்தது. கட்டு அவிழ்க்கும்போது நேர் முன்னால் போய் நின்றேன். அம்மா கண்ணைச் சிமிட்டி என்னைப் பார்த்தா. "நல்லா மெலிஞ்சு போனாய்" என்றா.

வீட்டுக்கு வந்ததும் நேரே சுவரடிக்குப் போனா. "இப்பதான் படம் வடிவாத் தெரியுது. தாளைப் பிரட்டு பிள்ளை. அவளின்ரை ஊரிலை இந்த வாரம் என்ன நடந்ததாம்?"

பல்லைக் கடித்துக்கொண்டு பிரட்டினேன். "அந்தக் காலத்திலை கலண்டரை மாத்தேக்கை பதினொரு நாளை இல்லாமல் செய்துபோட்டினமாம்."

அம்மாவின் புதுக் கண் கலங்கியது. "ஐயோ, தனிய இருக்கிற பிள்ளை. அவளுக்குப் பதினொரு நாள் இல்லாமல் போச்சுதே?"

எனக்கு இன்னும் எத்தனை நாள் லீவு இருக்கிறது என்று அம்மா கேட்கவில்லை.