கிழித்துப் போட்ட சாவுச் செய்தி

இந்த அமெரிக்கச் சிற்றூரில் காலைக் காப்பியோடு முதலில் படிப்பது பத்திரிகையின் சாவுப் பக்கத்தைத்தான். இறந்தவர் படத்தில் சிரித்துக்கொண்டிருப்பார். எங்கே படித்தார், எந்த ஏரியில் மீன் பிடித்தார் என்பதுவரை எழுதியிருக்கும். பல்கலைக்கழகத்தில் எங்கள் ஜர்னலிசம் வகுப்பின் முதல் பாடமே இந்த 'ஆபிச்சுவரி'தான். "பேப்பர் படிக்கறதுக்கா கப்பலேறிப் போற? வெழுப்புரம் ஸ்டேஷன்லயே வாங்கிப் படிக்கலாமேடா" என்று கேலி செய்த அப்பாவுக்கு இதை ஏர்மெயிலில் எழுதத் துணிவில்லை.

பயிற்சிக்காக என்னை உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் சேர்த்தார்கள். அதன் ஆசிரியர் நல்லபடியாகச் சொன்னால்தான் உதவித்தொகை நீளும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கார்ல்சன் என்ற விவசாயி இறந்த செய்தியை நான் எழுதினேன். அது வெளிவந்த அன்றே அவர் மனைவி அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு நன்றி சொல்ல ஆபீசுக்கே வந்துவிட்டார். வாங்கி, எழுந்து நின்று, மரியாதையோடு படித்தேன். படித்து முடித்ததும் நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குக் கருமாதிப் பத்திரிகை வந்தால் அம்மா வாசலிலேயே மறிப்பாள். "வூட்டுக்குள்ள எடுத்துக்கினு வராதடா, அங்கயே படிச்சிட்டுக் கிழிச்சிப் போடு!" அப்படிப் பழகிய கை, என்னைக் கேட்காமலே வேலையை முடித்துவிட்டது. ஆசிரியர் முகம் சிவந்து, "நாளைக்குப் பிறகு நீ வர வேண்டுமா என்று யோசிக்கிறேன்" என்றார். தெரிந்த இங்கிலீஷில் அந்த அம்மாளிடம் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன்.

"அப்புறம் இறந்தவர்களை எப்படி நினைத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டார்.

"வருஷா வருஷம் சோறு படைப்போம்."

குப்பைக்கூடையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் நான் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது திரும்பி வந்தார். கையில் அதே செய்தி, இரண்டு பிரதிகள். "ஒன்று எங்கள் வழக்கப்படி நீ வைத்துக்கொள்ள. இன்னொன்று உங்கள் வழக்கப்படி. கிழி, நான் பார்க்கிறேன்" என்றார். கண் கலங்க, அவர் எதிரிலேயே கிழித்தேன். கதவருகே நின்றிருந்த ஆசிரியர், மேசையில் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைக்கச் சொன்னார். அந்த அம்மாளுக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவன்.

மற்ற பிரதியோடு என் அறைக்கு வந்து, கதவைத் திறந்துவிட்டு நின்றேன். உள்ளே கொண்டுபோகக் கால் வரவில்லை. எறியக் கை வரவில்லை. கடைசியில் கதவு நிலைக்கு மேலே, வெளிப்பக்கமாகச் செருகி வைத்தேன். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது.