மிக்ஸியில் அரைத்த மண்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதற்கு முன்னால் வாய் வந்துவிடும். போன மாதம் இரண்டும் சேர்ந்து ஒரு குடும்பத்தையே கலங்கடித்துவிட்டன.

ஆரணிக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. மாணவிகளுக்கு மண்ணிலுள்ள உலோகங்களை அளக்கக் கற்றுக்கொடுக்கிறேன். மண்ணைக் காயவைத்து, பொடித்து, அமிலத்தில் கரைத்து, கரைசலைச் சுடரில் தெளிக்க வேண்டும். ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு விளக்கு உண்டு. தேடும் உலோகம் சுடரில் இருந்தால் அந்த விளக்கின் ஒளியில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். எவ்வளவு விழுங்கியது என்று கருவி சொல்லும்.

முள்ளிப்பட்டு மாணவி ஒருத்தி வீட்டுக் கீரைப்பாத்தி மண்ணைக் கொண்டுவந்தாள். அவள் அப்பா வீட்டுக்குப் பின்னாலேயே பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். சில சாயங்களில் இருக்கும் நச்சு உலோகமான குரோமியம் அந்த மண்ணில் தாறுமாறாக ஏறியது.

"உங்கப்பா சாயத்தண்ணிய எங்க ஊத்துறாரு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

அவள் முகம் வெளுத்துப்போனது. "அக்கா பிரசவத்துக்கு வந்திருக்குது மேடம். ஏழு மாசம். அந்தக் கீரையத்தான் தினம் சாப்ட்டுகினு இருக்குது."

கீரையை நிறுத்தச் சொல்லி உடனே வீட்டுக்குப் போன் போட வைத்தேன்.

மறுநாள் காலை நிக்கல் விளக்கைப் போட்டோம். அதே மண்ணில் நிக்கலும் எகிறியது. சாயத்தோடு குரோமியம் வரலாம், இவ்வளவு நிக்கல் ஏன் கூடவே வருகிறது? அவளைக் கூப்பிட்டேன்.

"மண்ண எதுல பொடிச்ச?"

"மிக்ஸில மேடம். இங்க இடிச்சுப் பொடிக்கிற கல்வம் ஒண்ணுதான் இருக்குது, எல்லாரும் லைன்ல நின்னுகினு இருந்தாங்க. ஜல்தியா முடியும்னு வீட்லயே அரைச்சிட்டேன்."

எவர்சில்வரில் இரும்போடு கலந்திருப்பதே குரோமியமும் நிக்கலும்தான். மணல் ஜாரையும் பிளேடையும் சுரண்டியிருக்கிறது. நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவள் அப்பாவைக் குற்றவாளியாக்கிய பிறகு கேட்டேன்.

நல்ல வேளை, அவள் கொண்டுவந்த பையில் அரைக்காத மண் மிச்சமிருந்தது. பீங்கான் கல்வத்தில் நானே பொடித்தேன். கரைத்து அளந்து முடிக்க மதியம் தாண்டிவிட்டது. மற்றவர்கள் மண்ணில் இருந்த அளவுதான் இதிலும் இருந்தது. அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "அம்மாவுக்கு ஜார் விஷயம் தெரிஞ்சா தொலைச்சிடும் மேடம்."

பிறகு தயங்கினாள். "அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க மேடம். நேத்துலேர்ந்து யார்கிட்டயும் பேசல."

போன் போட்டேன். நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்று மன்னிப்புக் கேட்டேன்.

"அப்ப பொண்ணுக்குக் கீரை குடுக்கலாங்களா?" என்றார் அவர்.

"குடுங்க."

"பாத்தி மொத்தத்தையும் நேத்தே புடுங்கிப் போட்டுட்டேங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "பரவால்லீங்க மேடம். இன்னைக்கே வெதச்சிடறேன். கொழந்த பொறக்கறதுக்குள்ள வந்துடும்."