பார்க்காத அருவி

ஐம்பத்திரண்டு வயதில் ஓர் அருவியின் மேல் பொறாமைப்பட்டவன் நான். அருவி இருந்தது ஸ்கொட்லாந்து மலைநாட்டில். பொறாமை பிறந்தது லண்டன் ரெய்னர்ஸ் லேனில், என் வீட்டு வரவேற்பறையில், சென்ற கோடையில்.

எங்கள் குடும்பத்துப் பிறந்தநாள் விழாக்களில், சாப்பாட்டுக்குப் பிறகு சரித்திரம் பேசுவது என் உரிமை. நாலு புத்தகம் படித்தவன் என்ற மரியாதை. அந்த இடத்தை என் சகலன், மனைவியின் தங்கை கணவர், ஒரே விடுமுறையில் பிடித்துவிட்டார். அவர் போனது ஒரு சின்னக் கிராமம். இடிந்த கோட்டை, ஏரி, காட்டுக்குள் அருவி. ஆடு வளர்ப்பதற்காகப் பிரபு ஒருவர் குடிகளை விரட்ட, அவர்கள் கனடாவுக்குக் கப்பலேறிய கதையைச் சகலன் சொன்னபோது, பாதி உறவினரைக் கனடாவில் வைத்திருக்கும் எங்கள் சனம் கண் கலங்கியது. எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த மாதமே மனைவியுடன் அங்கே போனேன். போன நாள் தொடங்கி மழையும் மூடுபனியும். கோட்டை இருந்த திசையை மட்டும் ஒருவர் கைகாட்டினார். லண்டனிலிருந்து கட்டிக்கொண்டு போன சோற்றுப் பார்சலைக் காருக்குள் இருந்தே சாப்பிட்டோம். வழியோரத் தகவல் பலகையையும், அதிலிருந்த மரப்பாலத்தின் படத்தையும் நனைந்தபடி மனப்பாடம் செய்துகொண்டு திரும்பினேன்.

அடுத்த விழாவில் எடுத்துவிட்டேன். அருவிக்குப் போகும் மரப்பாலம், காலடியில் அதன் அதிர்வு, முகத்தில் சாரல். சனம் வாய் திறந்து கேட்டது.

"நீர் இந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்லவே இல்லையே?" என்று ஒரு மாமா சகலனைக் கேட்டார்.

சகலன் என்னைப் பார்த்தார். "அண்ணை மாதிரி எனக்குச் சொல்ல வராது," என்றார்.

பிறகு, கார் நிறுத்தியிருந்த இடத்தில், மெல்லச் சொன்னார்: "அண்ணை, அந்தப் பாலம் வெள்ளத்திலை போய்க் கனகாலம். நாங்களே தூரத்திலை நிண்டுதான் பார்த்தனாங்கள்."

அருவியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஊர் முன்னால் என்னைக் கவிழ்க்கக் கிடைத்த வாய்ப்பை ஒரு மனிதர் வேண்டாமென்று விட்டதைப் பார்த்திருக்கிறேன். இப்போது அந்தப் பெருந்தன்மையின் மேலும் பொறாமைப்படுகிறேன்.

வீடு திரும்பும்போது மனைவி சொன்னாள்: "அடுத்தமுறை சோத்துப் பார்சலைப் பற்றிச் சொல்லுங்கோ. அது ஒண்டுதான் உண்மையா நடந்தது."